பழைய ஷா256 பட்டியலோடு புதிய பிரதி ஒத்துவரவில்லை: பட்டியலை நம்புவதா, வன்தட்டை நம்புவதா?

பாலையூற்று எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை மாவட்டத்து ஊர்களில் முதியவர்கள் சொல்லும் வரலாறுகளை ஒலிப்பதிவு செய்து, அவர்களிடம் உள்ள பழைய புகைப்படங்களையும் திருவிழா அறிவித்தல்களையும் ஸ்கேன் செய்து சேர்த்துவரும் சிறு குழுவொன்றில் கணினி வேலைகள் என் பொறுப்பில் உள்ளன. மூதூர், சம்பூர், கிண்ணியா, குச்சவெளி, தம்பலகாமம், தோப்பூர் என ஊர்வாரியாகக் கோப்புறைகள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. குரல்கள் வேவ் கோப்புகளாகவும், ஸ்கேன்கள் டிஃப் கோப்புகளாகவும், புகைப்படங்கள் ஜேபெக் கோப்புகளாகவும் இருக்கின்றன. பேசியவர்களில் பலர் இன்று உயிருடன் இல்லை. ஆகவே ஒரு கோப்பு பழுதடைந்தால் அதை மீண்டும் பதிவுசெய்ய வழியே இல்லை.

மூலக் கோப்புகள் அலுவலகத்து விண்டோஸ் கணினியில் உள்ளன. சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்களுடன் பணியாற்றிய ஒருவர், ஹெச்எஃப்எஸ் பிளஸ் முறையில் ஃபோர்மட் செய்யப்பட்ட தமது மேக் கணினி வன்தட்டுக்கு அவற்றைப் பிரதியெடுத்து, அந்தப் பிரதியிலிருந்து ‘ஷாசம்’ கட்டளையால் ஒவ்வொரு கோப்புக்கும் ஷா256 செக்சம் (கோப்பின் பைட்டுகளிலிருந்து கணிக்கப்படும் 64 எழுத்து அடையாளம்) கணித்து, எல்லாவற்றையும் ஒரே உரைக்கோப்பாக எங்களிடம் தந்துவிட்டுக் கனடாவுக்குச் சென்றார். வன்தட்டு அவரிடமே இருக்கிறது. அண்மையில் நான் விண்டோஸ் கணினியிலிருந்து எக்ஸ்ஃபேட் முறையிலுள்ள புதிய வெளி வன்தட்டுக்கு இன்னொரு பிரதி எடுத்து, அதை உபுண்டு லினக்ஸ் நிறுவிய லெப்டொப்பில் இணைத்து, அவர் தந்த பட்டியலைக் கொடுத்து ‘ஷா256சம்’ கட்டளையை, பட்டியலோடு ஒப்பிட்டுச் சோதிக்கும் ‘சி’ தெரிவுடன் இயக்கினேன்.

பெரும்பாலான கோப்புகளுக்கு ‘ஓகே’ என்றே வந்தது. ஆனால் ‘திருகோணமலை_கோட்டை’, ‘தோப்பூர்_பள்ளிவாசல்’, ‘கொட்டியாரக்குடா’, ‘கோணேசர்_தேர்’ முதலிய பல கோப்புகளுக்கு அப்படியொரு கோப்பே இல்லை என்ற செய்தி வருகிறது. கோப்புறையைத் திறந்து பார்த்தால் அவை அங்கேதான் இருக்கின்றன. சில ஜேபெக் படங்களுக்கு ‘ஃபெயில்ட்’ என்று வருகிறது. அந்தப் படங்கள் எந்தக் குறையுமின்றித் திறக்கின்றன. குச்சவெளி ஒலிப்பதிவு ஒன்றுக்கும் மூதூர் ஒலிப்பதிவு ஒன்றுக்கும் ‘ஃபெயில்ட்’ வருகிறது. இவற்றில் மூதூர்ப் பதிவுக்குத் தனியாகச் செக்சம் எடுத்தால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு விடை கிடைக்கிறது. பட்டியலை வாசித்தபோது இன்னொன்றும் கண்ணிற்பட்டது. சம்பூர்க் கோப்புறையில் இரண்டு பேட்டிகளுக்கு ஒரே செக்சம், அதாவது ஈ3பி0சி442 என்று தொடங்கும் அதே 64 எழுத்துகள், பதியப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் ‘ஓகே’ வந்ததால், ஒரே பேட்டி இரு பெயர்களில் சேமிக்கப்பட்டிருக்கலாம் என்று எண்ணுகிறேன்.

இந்த நிலையில் பட்டியலை நம்புவதா, வன்தட்டை நம்புவதா என்று விளங்கவில்லை. இவற்றுக்கு முன்னைய சில இறுவட்டுகளுக்கு, ஷா256க்கு முந்திய செக்சம் முறையான எம்டி5 பட்டியல் மட்டுமே உள்ளது. அதற்கு இன்று ஏதேனும் பெறுமதி உண்டா என்பதையும் சொல்லுங்கள்.

உவர்மலை எழுதியது:

பாலையூற்று அவர்களுக்கு வணக்கம். முதலில் ஒரு வேண்டுகோள். எந்தக் கோப்பையும் அழிக்காதீர்கள், எதற்கும் புதிய பெயர் வைக்காதீர்கள், எல்லாவற்றுக்கும் மேலாகப் பழைய பட்டியலுக்குப் பதிலாக இப்போதே புதிய பட்டியல் ஒன்றை எடுத்துவிடாதீர்கள். பட்டியலைப் புதுப்பித்தால் அடுத்த சோதனையில் எல்லாம் ‘ஓகே’ ஆகிவிடும். ஆனால் பழுதான கோப்பின் செக்சம்தான் சரியான செக்சம் என்று அதில் எழுதப்பட்டிருக்கும்.

செக்சம் பொருந்துகிறது என்றால், பட்டியல் எடுக்கப்பட்ட நேரத்தில் அந்தக் கோப்பில் இருந்த பைட்டுகளே இன்றும் அதில் இருக்கின்றன என்று பொருள். அந்த நேரத்தில் கோப்பு நல்ல நிலையில் இருந்ததா, பேட்டி முழுமையாக இருந்ததா என்பதைச் செக்சம் அறியாது. உங்கள் சம்பூர்க் கோப்புகளே இதற்குச் சான்று. ஈ3பி0சி442 என்று தொடங்கும் அந்த 64 எழுத்துகள், உள்ளே ஒரு பைட்டும் இல்லாத வெற்றுக் கோப்பின் ஷா256 செக்சம் ஆகும். உலகில் எந்தக் கணினியில் எடுத்தாலும் வெற்றுக் கோப்புக்கு அதே விடைதான் வரும். எனவே அவை ஒரே பேட்டியின் இரு பிரதிகள் அல்ல. கனடாவுக்குச் சென்ற நண்பர் பட்டியல் எடுத்தபோதே அந்த இரண்டும் வெறுமையாக இருந்திருக்கின்றன. இன்றும் வெறுமையாகவே இருப்பதால் கட்டளை ‘ஓகே’ என்கிறது. கோப்புறையில் அளவைப் பாருங்கள், பூச்சியம் என்றே இருக்கும். ‘ஃபைண்ட்’ கட்டளைக்கு ‘எம்ப்டி’ தெரிவைக் கொடுத்தால் இத்தகைய கோப்புகள் வேறெங்கும் உள்ளனவா என்பதும் ஒரே தடவையில் தெரிந்துவிடும். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகுந்த கவலை தந்தது இதுதான், ஏனென்றால் ‘ஃபெயில்ட்’ என்று வந்தவற்றை எவரும் தேடிப் பார்ப்பார்கள். ‘ஓகே’ என்று வந்ததை எவரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

அடுத்தது ‘ஃபெயில்ட்’ என்று வந்த படங்கள். செக்சம் முழுக் கோப்பையும் பார்த்துக் கணிக்கப்படுவது. கண்ணுக்குத் தெரியும் படத்தோடு, கமெரா எழுதிய திகதி, படத்தின் திசைக் குறிப்பு ஆகியவையும் அந்தக் கோப்புக்குள்ளேயே இருக்கின்றன. விண்டோஸில் படத்தைத் திறந்து நிமிர்த்தித் திருப்பினாலே கோப்பு மாற்றி எழுதப்பட்டுவிடும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பிப் பெற்றால் அது மீண்டும் சுருக்கப்பட்டு வேறொரு கோப்பாகவே வந்துசேரும். அதே படத்தை ‘டொக்குமென்ட்’ ஆக அனுப்பினால் பைட்டுகள் மாறாமல் வரும். கோப்பின் பெயரை மாற்றுவது மட்டும் செக்சத்தை மாற்றாது, ஏனெனில் பெயர் கோப்புக்குள் இருப்பதில்லை. ஆகவே ‘ஃபெயில்ட்’ ஆன ஒவ்வொரு படத்துக்கும் ‘ஸ்டாட்’ கட்டளையால் கடைசியாக மாற்றப்பட்ட திகதியைப் பாருங்கள். பட்டியல் எடுத்த நாளுக்குப் பிந்திய திகதி இருந்தால், எவரோ திறந்து சேமித்திருக்கிறார் என்று பெரும்பாலும் கொள்ளலாம். திகதி பழையதாகவும், அளவு ஒரு பைட்டும் மாறாமலும் இருந்து, செக்சம் மட்டும் மாறியிருந்தால் அது உண்மையான பழுது என்று அஞ்ச வேண்டும்.

குச்சவெளிப் பதிவு அந்த இரண்டாம் வகையாக இருக்கலாம். விண்டோஸ் கணினியிலுள்ள மூலத்துக்கும் செக்சம் எடுங்கள். விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் ‘கெட்-ஃபைல்ஹாஷ்’ என்ற கட்டளை தானாகவே ஷா256 கணித்துத் தரும். அது பெரிய எழுத்துகளில் விடை தரும், பட்டியலிலோ சிறிய எழுத்துகள் இருக்கும். அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டாம். மூலம் பட்டியலோடு பொருந்தினால், பழுது பிரதியெடுக்கும்போதே நேர்ந்திருக்கிறது. அப்போது மூலத்தையும் பிரதியையும் ‘சிஎம்பி’ கட்டளையால் ஒப்பிட்டால் எத்தனையாவது பைட்டில் வேறுபாடு தொடங்குகிறது என்று சொல்லும். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், ஒற்றைத் தடப் பதிவாக இருந்தால் ஒரு செக்கனுக்கு 1,44,000 பைட்டுகள்; தொடக்கத்தில் வழமையாக 44 பைட்டுகள் தலைப்புக்கு உரியவை. எனவே எட்டுக் கோடியே அறுபத்து நான்கு இலட்சமாவது பைட்டுக்கு அருகில் வேறுபாடு என்றால், பேட்டியின் பத்தாவது நிமிடத்தில் பழுது இருக்கிறது. 4096 பைட்டுகள் மட்டும் கெட்டிருந்தால் அது ஒரு செக்கனின் முப்பத்தைந்தில் ஒரு பங்குதான். காதுக்கு அநேகமாகத் தெரியாது. பதிவு நன்றாகத்தானே ஒலிக்கிறது என்பதை வைத்துக் கோப்பு முழுமையானது என்று முடிவுசெய்ய முடியாமல் இருப்பது இதனால்தான்.

மூதூர்ப் பதிவு வேறு வகை. ஒரே கோப்பு ஒவ்வொரு முறையும் வேறு செக்சம் தருமென்றால் கோப்பைக் குற்றஞ்சொல்ல முடியாது, அதை வாசிக்கும் பாதையில் எங்கோ பிழை இருக்கிறது. யூஎஸ்பி வயர், வன்தட்டுப் பெட்டிக்குள் இருக்கும் இடைச் சில்லு, லெப்டொப்பின் ரெம் ஆகிய மூன்றையும் ஐயுற வேண்டும். வயரை மாற்றி, வன்தட்டைக் கழற்றி மீண்டும் இணைத்து, பின்னர் செக்சம் எடுத்துப் பாருங்கள். அப்போதும் மாறினால் இன்னொரு கணினியில் பாருங்கள். அங்கே விடை நிலையாக இருந்தால் லெப்டொப்பில், ரெம்மைச் சோதிக்கும் ‘மெம்டெஸ்ட்86 பிளஸ்’ மென்பொருளை ஓர் இரவு முழுவதும் ஓட விடுங்கள். காரணம் தெரியும்வரை அந்த லெப்டொப்பின் வழியாக எந்தப் பிரதியும் எடுக்க வேண்டாம்.

‘கோப்பு இல்லை’ என்ற செய்திக்கு மட்டும் என்னிடம் உறுதியான விளக்கம் இல்லை. முதலில் அதைச் செக்சம் பொருந்தாமையோடு சேர்த்து எண்ணாதீர்கள். கட்டளையின் இறுதியில், வாசிக்க முடியாதவை எத்தனை, பொருந்தாதவை எத்தனை என்று இரண்டு எச்சரிக்கைகள் தனித்தனியே வரும்.

தோப்பூராள் எழுதியது:

உவர்மலை ஐயா விட்ட இடத்திலிருந்து நான் தொடர்கிறேன். எங்கள் ஊரின் பெயர் ‘இல்லாத’ கோப்புகளுள் இருப்பதைக் கண்டபோதே எனக்குக் காரணம் புலப்பட்டது. நீங்கள் குறிப்பிட்ட பெயர்களை வரிசையாகப் பாருங்கள்: திருகோணமலை, கோட்டை, தோப்பூர், கொட்டியாரக்குடா, கோணேசர். எல்லாவற்றிலும் ‘கொ’ அல்லது ‘கோ’ வகை எழுத்து இருக்கிறது. மூதூர், சம்பூர், கிண்ணியா, குச்சவெளி, தம்பலகாமம் ஆகிய பெயர்களில் அது இல்லை; அவற்றில் ‘கோப்பு இல்லை’ என்ற முறைப்பாடும் இல்லை.

யூனிகோடில் ஓகாரக் குறியை இரண்டு வழிகளில் எழுதலாம். ஒன்று, 0பிசிபி என்ற ஒரே குறியெண். மற்றது, இடப்பக்கத்து ஏகாரக் குறியையும் வலப்பக்கத்துக் காலையும் தனித்தனிக் குறியெண்களாக அடுத்தடுத்து வைப்பது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். யுடிஎஃப்-8 குறியாக்கத்திலோ முதலாவது 3 பைட்டுகள், இரண்டாவது 6 பைட்டுகள். ஒகரக் குறிக்கும் ஔகாரக் குறிக்கும் இவ்வாறே இரண்டு வடிவங்கள் உண்டு. ஹெச்எஃப்எஸ் பிளஸ் முறை கோப்புப் பெயர்களை எப்போதும் பிரித்த வடிவத்திலேயே சேமிக்கும். விண்டோஸ், விசைப்பலகை தந்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். பெரும்பாலான தமிழ் விசைப்பலகைகள் தருவது சேர்ந்த வடிவம். ஆகவே கனடாவிலுள்ள நண்பரின் பட்டியலில் ‘தோப்பூர்’ என்பது பிரிந்தும், உங்கள் வன்தட்டில் சேர்ந்தும் இருக்கிறது. லினக்ஸ் கோப்புப் பெயரைப் பைட் பைட்டாகவே ஒப்பிடுவதால், பட்டியல் கேட்கும் பெயரில் கோப்பு இல்லை என்று சொல்கிறது. அதைப் பொறுத்தவரை அது சரியான விடையே.

உறுதிப்படுத்த விரும்பினால், பட்டியலில் அந்த ஒரு வரியை, பைட்டுகளை வரிசைப்படி காட்டும் பெரிய எழுத்துச் ‘சி’ தெரிவுடன் ‘ஹெக்ஸ்டம்ப்’ கட்டளைக்கு அனுப்பிப் பாருங்கள். ‘ஏஎஃப் 87’ என்ற பைட்டுகளுக்குப் பின்னர் ‘ஈ0 ஏஈ பிஈ’ தொடர்ந்து வந்தால் பிரிந்த வடிவம். ‘ஏஎஃப் 8பி’ என்று வந்தால் சேர்ந்த வடிவம்.

இதைத் திருத்தக் கோப்புகளின் பெயர்களில் கைவைக்க வேண்டியதில்லை. பட்டியலைப் பிரதியெடுத்து, அந்தப் பிரதியை மட்டும் ‘யூகொன்வ்’ கட்டளையால் என்எஃப்சி எனப்படும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றுங்கள். உபுண்டுவில் அது ஐசியு மேம்பாட்டுக் கருவிகள் பொதியோடு வருகிறது. செக்சத்தில் வருபவை 0 முதல் 9 வரையான இலக்கங்களும் ஏ முதல் எஃப் வரையான எழுத்துகளும் மட்டுமே என்பதால் அவை மாறமாட்டா. பெயர்கள் மட்டுமே மாறும். மூலப் பட்டியலை நண்பர் தந்தபடியே வைத்திருங்கள்.

ஊர்ப் பெயர்களைத் தமிழில் எழுதியதால்தான் இந்தத் தொல்லை, இனி ஆங்கிலத்தில் பெயர் வையுங்கள் என்று யாராவது ஆலோசனை சொன்னால் தயவுசெய்து ஏற்காதீர்கள். குழுவில் உள்ள எல்லோரும் எல்லாக் கோப்புகளுக்கும் ஒரே வடிவத்தைக் கடைப்பிடித்தால் தமிழ்ப் பெயர்களால் எந்தக் குறையும் வராது.

சீனன்குடா எழுதியது:

எம்டி5 பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் கருத்து, அதை இன்றே கைவிட வேண்டும் என்பதே. ரொனால்ட் ரிவெஸ்ட் 1991 இல் வடிவமைத்த அந்த முறையில், வேறுபட்ட இரண்டு தரவுகளுக்கு ஒரே செக்சம் வரச்செய்யலாம் என்று சியாவ்யுன் வாங் குழுவினர் 2004 இல் காட்டிவிட்டார்கள். 2012 இல் வெளிப்பட்ட ‘ஃப்ளேம்’ என்ற தீங்குநிரல், மைக்ரோசொஃப்டின் கையொப்பம் போன்ற போலிச் சான்றிதழை உருவாக்க அந்தப் பலவீனத்தையே பயன்படுத்தியது. ஷா1 முறையும் 2017 பெப்ரவரியில், கூகுளும் ஆம்ஸ்டர்டாமிலுள்ள சிடபிள்யூஐ ஆய்வு நிலையமும் ஒரே செக்சம் கொண்ட இரு வேறு பிடிஎஃப் கோப்புகளை வெளியிட்டதோடு அதே நிலைக்கு வந்துவிட்டது. புதிதாகத் தொடங்கும் எந்த வேலைக்கும் ஷா256 தான் பொருத்தம்.

உபுண்டுவை நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பைத் தரவிறக்கியபோது செக்சம் பார்த்தீர்களா என்பதையும் கவனத்திற் கொள்ளுங்கள். 2016 பெப்ரவரி 20 அன்று, உபுண்டு போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்ஸ் மின்டின் இணையத்தளத்துக்குள் ஊடுருவியவர்கள், தரவிறக்க இணைப்பைப் பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள். கோப்பும் செக்சமும் ஒரே தளத்திலிருந்து வருமானால், தளத்தைக் கைப்பற்றியவர் இரண்டையும் மாற்ற முடியும். அதனால்தான் உபுண்டு, டெபியன் போன்றவை செக்சம் பட்டியலோடு, அதை வெளியிட்டவர் யார் என்று உறுதிப்படுத்தும் ஜிபிஜி மின்கையொப்பத்தையும் தருகின்றன. முதலில் கையொப்பத்தைச் சரிபார்த்து, பிறகு செக்சத்தைச் சரிபார்க்க வேண்டும்.

உவர்மலை எழுதியது:

புதிய வேலைக்கு ஷா256 என்பதில் சீனன்குடா அவர்களோடு எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் பழைய இறுவட்டுகளின் எம்டி5 பட்டியலைக் கைவிடும்படி சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தத் தாக்குதல்களில் எல்லாம் ஒருவர் திட்டமிட்டு இரண்டு தரவுகளையும் தாமே உருவாக்குகிறார். இறுவட்டின் மேற்பூச்சு உரிந்தோ, வயரில் ஒரு பிட் புரண்டோ ஏற்படும் பழுது அப்படித் திட்டமிடுவதில்லை. தற்செயலான பழுதைக் கண்டுபிடிக்க எம்டி5 இன்றும் போதுமானது. அதைவிட முக்கியமானது அந்தப் பட்டியலின் வயது. இறுவட்டு எழுதப்பட்ட நாளில் கோப்பு எப்படி இருந்தது என்பதற்கு உங்களிடம் உள்ள ஒரே சாட்சி அதுதான். எனவே முதலில் எம்டி5 பட்டியலால் இறுவட்டுகளைச் சோதியுங்கள். பொருந்தியவற்றுக்கு அன்றே ஷா256 எடுங்கள். பிறகு இரண்டு பட்டியல்களையும் சேர்த்தே வைத்திருங்கள்.

பாலையூற்று எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பட்டியலின் பிரதியைச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றியதும், ‘இல்லை’ என்று வந்த கோப்புகள் அனைத்தும் ‘ஓகே’ ஆகிவிட்டன. தோப்பூராள் அவர்கள் சொன்னபடியே பட்டியலில் 6 பைட்டுகளும் வன்தட்டில் 3 பைட்டுகளும் இருந்தன. ‘ஃபெயில்ட்’ ஆன படங்கள் எல்லாவற்றிலும் பிந்திய திகதி இருக்கிறது. கண்காட்சிக்காக அவற்றை நிமிர்த்திச் சேமித்ததாக அலுவலகத்தில் சொல்கிறார்கள். மாறாத மூலங்களைக் கனடாவிலுள்ள வன்தட்டிலிருந்து கேட்டிருக்கிறேன்.

குச்சவெளிப் பதிவின் மூலம் விண்டோஸ் கணினியில் பட்டியலோடு பொருந்துகிறது, ஆகவே பழுது பிரதியில்தான். மூதூர்ப் பதிவு வேறு வயரில் நிலையான விடை தருகிறது. அதுவும் பட்டியலோடு பொருந்துகிறது. பழைய வயரை அகற்றிவிட்டேன். சம்பூர்க் கோப்புகள் இரண்டும் பூச்சியம் பைட்டுகள்தான்.

இப்போது எல்லாவற்றையும் புதிதாகப் பிரதியெடுத்துப் புதிய பட்டியல் எடுக்க வேண்டும். அதை எந்த ஒழுங்கில் செய்வது நல்லது?

உவர்மலை எழுதியது:

பட்டியலை மூலத்திலிருந்து எடுங்கள், பிரதியிலிருந்து எடுக்காதீர்கள். பிரதியிலிருந்து எடுத்த பட்டியல், பிரதியெடுக்கும்போது நேர்ந்த பழுதையும் சரியென்றே சொல்லும். உங்கள் மூலம் விண்டோஸ் கணினியில் இருப்பதால், அந்த வட்டை வாசிக்க மட்டும் இயலும் நிலையில் லினக்ஸில் இணைத்து, மேற்கோப்புறைக்குள் நின்று, ‘ஃபைண்ட்’ கட்டளை தரும் ஒவ்வொரு கோப்பையும் ஷா256சம் கட்டளைக்கு அனுப்பி, விடையை ஒரு கோப்பில் எழுதச் செய்யலாம். அந்தக் கோப்பு வேறிடத்தில் இருக்க வேண்டும். அதே கோப்புறைக்குள் வைத்தால், எழுதிக்கொண்டிருக்கும் பட்டியலுக்கே கட்டளை செக்சம் எடுத்துவிடும். அடுத்த சோதனையில் அந்த ஒரு வரி நிச்சயமாக ‘ஃபெயில்ட்’ என்று வந்து எல்லோரையும் கலங்க வைக்கும். பட்டியலை நோட்பேடில் திறந்து சேமிக்கவும் வேண்டாம், பவர்ஷெல்லின் வெளியீட்டை நேரடியாகக் கோப்புக்குத் திருப்பவும் வேண்டாம். பழைய பவர்ஷெல் யுடிஎஃப்-16 இல் எழுதும். ஷா256சம் கட்டளை அதைப் பட்டியலாகவே ஏற்காது.

பிரதியெடுத்து முடிந்த கையோடு சோதித்தால் பெரும்பாலும் எல்லாமே ‘ஓகே’ என்று வரும். அந்த விடையை நம்ப வேண்டாம். சற்று முன்னர் எழுதிய கோப்புகளை லினக்ஸ் ரெம்மில் வைத்திருக்கும், சோதனையின்போது வன்தட்டை நாடாமல் அங்கிருந்தே எடுத்துக் கொடுக்கும். வன்தட்டை முறைப்படி விடுவித்து, கழற்றி, மீண்டும் இணைத்து, அதன் பின்னரே சோதியுங்கள். இயன்றால் இன்னொரு கணினியில் சோதியுங்கள். ‘குவயட்’ தெரிவைச் சேர்த்தால் பொருந்தாத கோப்புகளின் பெயர்கள் மட்டும் திரையில் வரும். ஒன்றுமே வராவிட்டால் எல்லாம் சரி.

ஆவணக் காப்பகங்கள் ‘பேக்இட்’ என்ற ஒழுங்கைப் பாவிக்கின்றன. அது 2018 இல் ஆர்எஃப்சி 8493 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியிடப்பட்டது. கோப்புகளை ஒரு தரவுக் கோப்புறைக்குள் வைத்து, அவற்றின் செக்சம் பட்டியலை அதற்கு வெளியே, அருகிலேயே வைப்பதுதான் அதன் அடிப்படை. நாளை வேறொரு நிறுவனத்துக்குக் கையளிக்க நேர்ந்தால் அந்த ஒழுங்கு உதவும்.

பட்டியல் கோப்புக்கும் ஒரு செக்சம் எடுத்து, அந்த 64 எழுத்துகளையும் திகதியோடும், எந்த வட்டிலிருந்து யார் எடுத்தார் என்ற குறிப்போடும் உங்கள் குழுவின் கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் பேனாவால் எழுதி வையுங்கள். பட்டியலில் ஒரு வரி மாறினாலும் அந்த எழுத்துகள் பொருந்தமாட்டா. ஒரே வரி, ஆயிரக்கணக்கான கோப்புகளையும் காக்கும்.

சீனன்குடா எழுதியது:

உவர்மலை அவர்கள் எம்டி5 பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். சாட்சியின் வயதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். செக்சம் பழுதைக் காட்டும், திருத்தாது. ‘பிஏஆர்2’ என்ற கருவி, கோப்புகளோடு சில மீட்புக் கோப்புகளையும் உருவாக்கி வைக்கும். பத்து விழுக்காடு என்று கொடுத்தால், ஏறத்தாழ அந்த அளவு வரையான பழுதை அவற்றைக்கொண்டே திருத்த முடியும். அதோடு, பிரதிகள் எல்லாம் நகருக்குள், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26 அன்று கரையோர வீடுகளிலிருந்த ஆவணங்கள் என்னவாயின என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஒரு வன்தட்டையாவது வவுனியாவிலோ கண்டியிலோ நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். பட்டியலை அவரிடமும் கொடுத்தால் அவரே அங்கிருந்து சோதித்துச் சொல்லலாம்.

பாலையூற்று எழுதியது:

சம்பூர்ப் பேட்டிகளைப் பற்றி ஒரு கேள்வி மட்டும் எஞ்சியிருக்கிறது. அந்த நாட்களில் பாவித்த ஒலிப்பதிவுக் கருவியின் எஸ்டி கார்ட் இன்னும் அலுவலகத்தில் இருக்கிறது. அதற்குப் பின்னர் கருவி பெரிதாகப் பாவிக்கப்படவில்லை என்கிறார்கள். கார்ட்டைத் திறந்து பார்க்கலாமா?

உவர்மலை எழுதியது:

இப்போது திறக்க வேண்டாம். கார்ட்டின் ஓரத்திலுள்ள சிறிய பூட்டைக் கீழே தள்ளுங்கள். விண்டோஸ் கணினியில் இணைக்காதீர்கள். இணைத்த உடனேயே அது சில கோப்புகளை எழுதக்கூடும். லினக்ஸிலும் கார்ட் தானாகத் திறந்து இணைவதை (மவுன்ட் ஆவதை) முதலில் நிறுத்திவிட்டு, ‘டிடிரெஸ்கியூ’ கட்டளையால் முழுக் கார்ட்டையும், அதன் எல்லாப் பைட்டுகளும் அப்படியே அடங்கிய ஒரே பிம்பக் கோப்பாக எடுங்கள். வாசிக்க முடியாத இடங்கள் இருந்தால் அது குறித்துவைத்துக்கொண்டு பிறகு மீண்டும் முயலும், ஆகவே நடுவில் நிறுத்தாமல் விடுங்கள். பிம்பம் முடிந்ததும் அதற்கு ஷா256 எடுத்துப் புத்தகத்தில் எழுதுங்கள். பிறகு பிம்பத்துக்கு ஒரு பிரதி எடுத்து, அந்தப் பிரதியின்மீது மட்டும் ‘ஃபோட்டோரெக்’ மென்பொருளை இயக்குங்கள்; அழிக்கப்பட்ட வேவ் கோப்புகளையும் அது தேடி எடுக்கும், பெயர்கள் மட்டும் கிடைக்கா. கிடைத்தவற்றை இறுதிவரை கேட்டு, எந்தக் குரல் யாருடையது என்று அறிந்தவர் ஒருவர் உறுதிசெய்த பின்னரே அவற்றைச் சம்பூர்க் கோப்புறையில் சேர்த்துப் பட்டியலில் எழுதுங்கள். வெறுமையான அந்த இரண்டு கோப்புகளையும் அதுவரை இருந்த இடத்திலேயே விட்டு வையுங்கள். அவற்றின் பெயரும் திகதியும் எந்தப் பேட்டியைத் தேட வேண்டும் என்று சொல்லும்.